மணிமேகலையின் தோப்பு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் வாசலில் ஜப்பானியப் பயணிகளின் வேன் வந்து நின்றால், வழிகாட்டியின் வாயில் முதலில் வருகிற பெயர் போதிதர்மர். காஞ்சியின் இளவரசர், கடல் கடந்து சீனம் போனார், ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார், அவர் தந்த தியானம்தான் ஜப்பானில் ஜென் ஆயிற்று. 2011-இல் ‘7ஆம் அறிவு’ படம் வந்த பிறகு நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் இந்தக் கதையைத் தடங்கலில்லாமல் சொல்கிறார்கள். பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்ற ஊர்ப்பெயர் பின்னால் வந்த மரபில் ஒட்டிக்கொண்டது.

போதிதர்மர் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. காஞ்சியையும் ஜப்பானையும் சேர்த்துச் சொல்லும்போது நடுவில் ஓர் ஆண் மட்டும் நிற்பதுதான் உறுத்துகிறது. அந்த நாட்டில் முதன்முதலில் துறவு பூண்டவர்கள் பெண்கள். இந்த ஊரில் பௌத்தத்தின் பெயரால் பசித்தவர்களுக்குச் சோறிட்டதாக நம் இலக்கியம் சொல்வதும் ஒரு பெண்ணைத்தான்.

ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி அந்த முதல் துறவியரைப் பற்றிச் சொல்கிறது. 584-ஆம் ஆண்டில் ஷிமா என்ற சிறுமி தலைமுடியைக் களைந்து ஜென்ஷின் என்ற துறவுப் பெயர் பெற்றாள். அவளுக்கு வயது பதினொன்று. அவளோடு இன்னும் இரண்டு பெண்கள், ஜென்ஜோ, எஜென். அப்போது ஜப்பானியத் துறவி என்று ஓர் ஆண்கூட இல்லை. மறு ஆண்டு நாட்டில் நோய் பரவியது. அந்நியச் சாமியைக் கும்பிட்டதால் வந்த வினை என்று எதிர்த் தரப்பினர் கோயிலை எரித்து, மூன்று பெண்களின் துறவாடையையும் உருவி, சந்தை நடுவில் நிறுத்திக் கசையால் அடித்தார்கள். 588-இல் அந்த மூவரும் கொரியாவின் பெக்சே நாட்டுக்குக் கப்பலேறிப் போய் முறைப்படி விநயம் கற்று, இரண்டு ஆண்டில் திரும்பினார்கள். ஜப்பானில் கோயில் பார்க்கப் போகிறவர்கள் நாராவிலும் கியோட்டோவிலும் பெரிய மடங்களைப் பார்க்கிறார்கள், மேப்பிள் இலை சிவக்கும் பருவத்தில் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். அந்த மடங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பது சந்தையில் அடிபட்ட மூன்று பெண்கள்.

இனி காஞ்சிக்கு வருவோம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை கடைசியில் வந்து சேரும் ஊர் இதுதான். அவள் வரும்போது மழை பொய்த்து ஊர் பஞ்சத்தில் கிடக்கிறது. இளங்கிள்ளி என்ற சோழன் அவளை வரவேற்கிறான். அவள் என்ன செய்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். மணிபல்லவத் தீவில் தான் கண்ட பொய்கையையும் பூஞ்சோலையையும் போலவே அரசன் காஞ்சியில் அமைத்திருந்த இடத்தில் மேலும் சிலவற்றை அமைக்கச் செய்கிறாள். அங்கிருந்த புத்த பீடிகையைப் போல ஒன்று, தீவதிலகைக்கும் மணிமேகலா தெய்வத்துக்கும் கோயில், விழா. பிறகு அந்த இடத்தில் அமுதசுரபியை வைத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லோரையும் அழைத்துச் சோறிடுகிறாள். தோட்டமும் குளமும் கோயிலும் திருவிழாவும் ஒன்றாகத் தொடங்கும் இடத்தில் ஒரு பெண் கரண்டியோடு நிற்கிறாள். இது காவியம், கல்வெட்டு அல்ல. ஆனாலும் ஒரு நகரத்தைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்லத் தோன்றியதே ஒரு வரலாற்றுச் செய்தி.

அவள் யார் மகள் என்பதும் முக்கியம். மாதவியின் மகள். கணிகையர் குலம். அவள் மேடையேறி ஆட வேண்டும் என்று பாட்டி சித்திராபதி கடைசிவரை போராடுகிறாள். தன் உடம்பு யாருக்கும் உரியதில்லை என்று முடிவெடுத்த பெண்ணுக்கு அன்று திறந்திருந்த ஒரே வாசல் துறவு. நம் பாடப்புத்தகங்கள் அட்சய பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவளை அன்னதான அம்மனாக ஆக்கிவிட்டன. வஞ்சியில் பல சமயத்தாரின் வாதங்களையும் கேட்ட பின், காஞ்சியில் அவள் அறவண அடிகளிடம் தருக்கமும் தருமமும் கற்கிறாள். சோறு போட்ட கை என்று புகழ்கிறவர்கள், தருக்கம் படித்த தலை என்று சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஜப்பானிலும் இதே இடத்தில் ஒரு கதை உண்டு. யோஷிவாரா என்பது அன்றைய எதோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், பாலியல் தொழிலுக்கென வேலி போட்டு ஒதுக்கிய பகுதி. போதிதர்மர் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று கேட்ட அங்கிருந்த பெண் ஒருத்தி சிரித்தாளாம். அவருக்கு ஒன்பது ஆண்டு, எங்களுக்கு இந்தக் கூண்டில் பத்து ஆண்டு, அப்படியானால் யார் பெரிய ஞானி என்று கேட்டாளாம். ஹனாபுசா இச்சோ என்ற ஓவியர் போதிதர்மரைப் பெண்ணாகவே வரைந்தார். அதன் பிறகு ‘பெண் தருமா’ ஓவியங்கள் நிறைய வந்தன. மணிமேகலையின் அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ரசித்திருப்பாள்.

காஞ்சியில் பௌத்தம் இருந்தது என்பதற்குக் காவியத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்த யுவான் சுவாங் நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகள், பத்தாயிரம் துறவியர் என்று எழுதினார். அந்தக் கணக்கில் பிக்குணிகள் தனியாகத் தெரிவதில்லை. 1915-இல் டி. ஏ. கோபிநாத ராவ் காமாட்சி அம்மன் கோயிலுக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். அவற்றில் ஆளுயரத்தை மிஞ்சிய நின்ற புத்தர் ஒருவர் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறார். காமாட்சி கோயில் முன்பு தாராதேவியின் கோயிலாக இருந்தது என்பது மயிலை சீனி. வேங்கடசாமியின் கருத்து. அதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. எப்படியானாலும் கும்பிடப்பட்டது ஒரு பெண் தெய்வம்.

வேன் நின்ற இடத்துக்கே திரும்புவோம். கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன். மணற்கல் விமானத்தைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் முன்வரிசைச் சிற்றாலயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவற்றில் ஒன்றைக் கட்டியவள் ரங்கபதாகை என்ற அரசி. சமஸ்கிருதக் கல்வெட்டு அவளைப் பெண்ணினத்துக்கே கொடி போன்றவள் என்கிறது. கணவன் பெயரும் இருக்கிறது, அவளுடைய பெயரும் இருக்கிறது, கட்டியது அவள் என்பதும் இருக்கிறது. அருகே இன்னொரு பெண்ணின் அழகையும் குணத்தையும் புகழும் கல்வெட்டு உண்டு. அதில் பெயர் இருந்த இடம் சிதைந்துபோனது. அடுத்தடுத்து இரண்டு பெண்கள், ஒருத்திக்குப் பெயர் தங்கியது, ஒருத்திக்குத் தங்கவில்லை. மாணவிகளை அழைத்துப் போனால் விமானத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி முதலில் இங்கே நிறுத்துங்கள்.

அரசிகளுக்குப் பெயர் இருப்பதில் வியப்பில்லை. சோழர் காலத்தில் அரண்மனைக்கு வெளியிலிருந்த பெண்களின் பெயர்களும் கோயில் சுவர்களில் ஏறின. தேவரடியார், தேவனார் மகளார் என்று கல்வெட்டுகள் சொல்லும் பெண்களைப் பற்றி லெஸ்லி ஓர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நமக்கு உதவுகிறது. அந்தக் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் ஆடுகிறவர்களாக வருவதைவிட, விளக்கெரிக்கப் பொன்னும் நிலமும் கொடுத்தவர்களாகவே அதிகம் வருகிறார்கள் என்று அவர் காட்டினார். இன்னாள் மனைவி என்ற அடையாளத்தைவிட இன்ன ஊர், இன்ன கோயில் என்ற அடையாளமே அவர்களுக்கு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்த நானூறு தளிச்சேரிப் பெண்களின் பட்டியலில் ஒவ்வொருத்திக்கும் பெயரும் வந்த ஊரும் வீடும் எழுதியிருக்கிறது. கொண்டுவந்தவன் அரசன் என்பதையும் மறக்கக் கூடாது. பெயர் பொறிக்கப்பட்டதனால் அவர்கள் விரும்பி வந்தார்கள் என்று ஆகிவிடாது.

காஞ்சிக்கே உரிய இன்னொரு ஆவணம், சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழனின் செப்பேடுகள். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொன் முதலையும் வட்டியையும் கவனிக்கும் பொறுப்பு நெசவாளர் வாழ்ந்த சேரிகளிடம் இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கும் அதில் ஏற்பாடு உண்டு. காஞ்சிபுரத்தில் தறியும் தேரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன என்று இதைக் காட்டித்தான் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பொறுப்பு ஏற்றவர்கள் ஆண்கள். அந்தச் சேரியின் வீடுகளுக்குள் நூல் சுற்றியவர்கள் செப்பேட்டில் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் என்றால் இசை உலகத்துக்குத் தனகோடி அம்மாளின் ஊர். அவரும் தங்கை காமாட்சி அம்மாளும் சேர்ந்து பாடிய சகோதரிகள். காமாட்சி அம்மாளின் மகன்தான் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934). லயத்தில் அவர் புலி என்று இன்றும் பேசுகிறார்கள். அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த காஞ்சிபுரத்துப் பெண் 1919-இல் பிறந்த டி. கே. பட்டம்மாள், பொது மேடையில் பாடிய முதல் பிராமணப் பெண்களில் ஒருவர். 1925-இல் ஏழு வயதுப் பாலசரஸ்வதி அரங்கேறியதும் காஞ்சியின் ஓர் அம்மன் கோயிலில்தான். இந்த நான்கைந்து பெயர்களை ஒரே வரியில் வைத்துப் பார்த்தால் ஒரு கைமாற்றம் தெரிகிறது. கோயிலைச் சேர்ந்த பெண்களிடமிருந்த கலை, குடும்பப் பெண் என்று சமூகம் ஒப்புக்கொண்டவர்களிடம் மெல்லப் போய்ச் சேர்ந்தது.

சட்டம் அதை வேகப்படுத்தியது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம், தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் சேவையிலிருந்து விடுவித்தது. 1947-இல் பொட்டுக்கட்டுவதே தடை செய்யப்பட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கைக்குள் கிடந்து வெளியே வந்து போராடியவர். சிறுமிகளை விலைபேசும் அந்த முறை ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் குறை வேறு. முறையை ஒழித்தபோது பண்ணையாருக்கும் தர்மகர்த்தாவுக்கும் ஒரு அவமானமும் ஒட்டவில்லை. ஒட்டியது அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு. பாட்டியின் சதங்கையைப் பெட்டியடியில் ஒளித்தார்கள், ஊர் மாறினார்கள், சாதிப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். கல்லில் பெயர் வெட்டிக்கொண்ட பெண்களின் வழிவந்தவர்களுக்கு அந்தப் பெயரே சுமையாகிவிட்டது.

கோயிலுக்குச் சேவை செய்த பெண்ணைப் பற்றி இவ்வளவு. கோயிலைப் பார்க்கப் போன பெண்ணின் வரலாறு தனி. நம் பாட்டிமார்களுக்கு வீட்டைவிட்டு வெளியே போக யாரும் கேள்வி கேட்காத காரணம் ஒன்றுதான் இருந்தது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னால் மாமியாரும் தடுக்க முடியாது. வைகாசி கருட சேவைக்கு விடியுமுன் எழுந்து வரதராஜர் கோயில் கோபுர வாசலில் இடம் பிடிப்பது, பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் கல்யாணம் பார்க்க இரவு முழுக்க விழித்திருப்பது, ஆடி வெள்ளியில் காமாட்சிக்கு விளக்கு. பக்தி ஒரு பங்கு, ஊர்சுற்றல் ஒரு பங்கு. பழைய சிநேகிதியைப் பார்ப்பது, வளையல் வாங்குவது, பெண்ணுக்கு வரன் பேசுவது, பஜ்ஜி தின்பது, கொஞ்சம் அழுவது, எல்லாம் அதில் அடக்கம். இதை ஆன்மிகம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் ஒரு நாள்கூட அந்தக் கூட்டத்தில் பெண்களோடு நின்றதில்லை.

ஆனால் அந்த வாசலும் எல்லா நாளும் திறந்திருக்கவில்லை. மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குத் தூரம். திருவிழா நடுவில் அந்த நாள் வந்துவிட்டால் சாமி தெருவில் வரும்போதும் கதவுக்குப் பின்னால் நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். ஜப்பானியப் பெண்களுக்கு இது புதிதில்லை. பெண்ணின் ரத்தம் மண்ணைத் தீட்டாக்குகிறது, அதனால் அவள் ரத்தக்குளம் என்ற நரகத்தில் விழுவாள் என்று சொல்லும் சூத்திரம் ஒன்று சீனத்திலிருந்து அங்கே போய்ப் பரவியிருந்தது. கோயா மலைக்குப் பெண்கள் போகக்கூடாது. மலை வாசலில் பெண்கள் மண்டபம் கட்டியிருந்தார்கள். அங்கே தங்கி, மலை முகட்டோரமாகச் சுற்றுப்பாதையில் நடந்து, கீழே தெரியும் கோயில்களைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். 1872-இல் அரசாங்கம் ஓர் ஆணையால் பெண்களுக்கான இந்தத் தடைகளை நீக்கியது. ஓமினே மலையின் சிகரப் பாதையில் இன்றும் பெண்களுக்கு இடமில்லை என்று பலகை நிற்கிறது. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடங்களில் அதுவும் ஒன்று.

அதே ஜப்பானில் காமகுராவின் தோகெய்ஜி போன்ற கோயிலும் இருந்தது. 1285-இல் ககுசான் என்ற பிக்குணி தொடங்கியது. கணவனிடமிருந்து ஓடிவந்த பெண் அதன் வாசலுக்குள் காலை வைத்துவிட்டால் போதும், துரத்திவந்தவன் வெளியே நிற்க வேண்டும். சில ஆண்டுகள் அங்கே தங்கினால் மணவிலக்கு கிடைக்கும். அவள் செருப்பை உள்ளே வீசியெறிந்தாலே உள்ளே வந்ததாகக் கொள்வார்கள் என்றும் சொல்வதுண்டு. இன்று அங்கே போகிறவர்கள் பிளம் பூவையும் பாசி படிந்த தோட்டத்தையும் பார்த்துப் படமெடுக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்களில் இப்படி ஒரு வாசலைத் தேடினேன். மணிமேகலையின் தோப்பைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

பெண்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தப் பெண்கள் என்றும் கேட்க வேண்டும். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். அதுவரை தலித் பெண்ணுக்கு மூன்று நாள் விலக்கு என்ற பேச்சே கிடையாது, வருடம் முழுக்க விலக்குதான். பொட்டுக்கட்டுத் தடையும் ஆலயப் பிரவேசமும் ஒரே ஆண்டில் வந்தன என்பதை நம் வரலாற்று நூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரு கூட்டம் பெண்கள் கோயிலைவிட்டு வெளியே வந்த ஆண்டில் இன்னொரு கூட்டம் பெண்கள் முதல்முறையாக உள்ளே போனார்கள். கருவறை வாசல் மட்டும் இருவருக்கும் மூடியே இருந்தது. 2023-இல் மூன்று பெண்கள் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள் என்ற செய்தி வந்தபோது, பயிற்சி சரி, பணி எப்போது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

நெசவுத் தெருவுக்குத் திருவிழா எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் திருவிழாவும் முகூர்த்த மாதமும் என்றால் தறி நிற்காது. கல்யாணப் புடவைக்கான கெடு நெருங்கும். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்யும் புடவைக்கு ஒரு ஆள் போதாது. தறியில் உட்கார்ந்திருப்பவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி, முன்பெல்லாம் பிள்ளைகள். தார் சுற்றுவது அவள், அறுந்த பாவு இழையை முடிவது அவள், நடுவில் உலை வைப்பதும் அவள். கூலி ஒரு புடவைக்கு இவ்வளவு என்று நெசவாளர் பெயரில் வரும். அந்தப் பெயர் பெரும்பாலும் ஆணின் பெயர். ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த நாட்களில் கடன் கேட்டு வாசல் வாசலாகப் போவதும் அவள்தான். அம்மனுக்குப் பட்டு சாத்தி மங்களாரத்தி காட்டும்போது கூட்டத்தில் நிற்கும் நெசவுத் தெருப் பெண்கள் கையால் கரையின் அளவைக் காட்டிப் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை இழை, எந்த வீட்டுத் தறி என்பது வரைக்கும் சொல்வார்கள்.

2019-இல் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை. ஜூலை 1 முதல் 48 நாள், முதலில் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வந்தார்கள் என்றார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. வரிசையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்களுக்குக் கழிப்பறைதான் பெரிய கவலையாக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். 1979-இல் கல்யாணமான புதிதில் பார்த்தேன், இப்போது பேத்தியோடு வந்தேன், அடுத்த முறை இவள் இவள் பேத்தியோடு வருவாள் என்று வயதைக் கணக்கிட்ட பெண்களை அந்த வரிசை முழுக்கக் கேட்க முடிந்தது. பிறந்த தேதி எழுதிவைக்காத குடும்பங்களில் இதுதான் காலண்டர்.

எனக்குப் பிடித்த திருவிழா அதைவிடச் சிறியது. சித்ரா பௌர்ணமியன்று வரதர் ஊரைவிட்டு ஐயங்கார்குளத்துக்குப் போகிறார். அங்கே தரைக்கு அடியில் ஒரு கிணறு, படியில் நடந்து இறங்கும் கிணறு, நடவாவி என்று பெயர். அதன் நடுவில் கல் மண்டபம். வருடம் முழுக்க அது தண்ணீருக்குள் கிடக்கும். திருவிழாவுக்காகத் தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். சாமி படியிறங்கி மண்டபத்தைச் சுற்றி வந்து, பிறகு பாலாற்றுக்குப் புறப்படுகிறார். அவர் போன பிறகு பெண்கள் இறங்குகிறார்கள். ஈரப் படியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி. தூண்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஊற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள், கீழே எவ்வளவு குளிர்ச்சி என்று மேலே நிற்பவளுக்குக் கத்திச் சொல்கிறார்கள். யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஊர் திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் எழுந்து தார் சுற்ற வேண்டும்.